கடல்மேல் அடுப்பு

வெள்ளிக்கிழமைதோறும் 'கஹ்ஃபு' அத்தியாயம் ஓதும் வழக்கமுடைய நம் இல்லங்களில், கிள்று (அலை) அவர்கள் பழுதாக்கிய மரக்கலத்தின் வரலாற்றைக் கேளாதவர் இரார். அக்கலம் யாருக்கு உரியது என்பதையும் அவ்வத்தியாயத்தின் 79ஆம் வசனம் கூறிவிடுகிறது. அது கடலில் உழைத்து வாழ்ந்த மிஸ்கீன்களுக்கு உரியது. இவ்வசனத்தைக் கொண்டு ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட அறிஞர்கள் நுட்பமானதொரு வாதம் செய்வார்கள். கலமொன்றை உடைமையாகப் பெற்றிருந்தவர்களையே இறைவன் மிஸ்கீன்கள் என்று குறிப்பிட்டிருப்பதால், மிஸ்கீனைக் காட்டிலும் ஃபகீரே வறியவர் என்பது அவர்கள் முடிபு. ஜகாத் பெறுவோரின் வகைகளைப் பாடம் சொல்லும்போதெல்லாம் நாமும் இதனை மாணாக்கருக்கு விளக்கி வந்திருக்கின்றோம். பாடம் முடிந்து கிதாபை மூடிய பின்னரும், கடலில் உழைப்பவர்கள் என்னும் அந்தக் குறிப்பு நம் உள்ளத்தில் தங்கிநிற்கும்.

அதற்குக் காரணம் உண்டு. நாம் வாழ்வது கடற்கரை ஊரில். நம்மிடம் அலிஃப், பே ஓதத் தொடங்கிய பிள்ளைகளுள் சிலர் இன்று கப்பல்களிலும், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளிலும் சமையற்கூடப் பணியில் இருக்கின்றனர். விடுமுறையில் ஊர் திரும்பினால் ஸலாம் உரைக்க வருவார்கள். வரும்போது பேரீச்சம்பழப் பொதியோடு இரண்டு மூன்று மஸ்அலாக்களையும் கொண்டுவருவார்கள். அவற்றுக்கு விடை தேடும் பொருட்டு, அவர்கள் தொழிலின் இயல்பை நாம் துருவித் துருவிக் கேட்டறிய நேர்ந்தது. அவ்வாறு அறிந்தவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

கடல் தொழிலின் சொற்களில் அரபு மொழியின் சாயல் இன்றும் உண்டு. ஆசிரியர் எனப் பொருள்படும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல், கலத்துக்கு வழிகாட்டுபவரையும் குறித்து, தமிழில் 'மாலுமி' ஆயிற்று. 'ஸுக்கான்' என்பதே நம் சுக்கான். மாலுமிக்கும் நமக்கும் பெயர் ஒன்றுதான் என்று பிள்ளைகளிடம் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. கப்பலின் சமையற்காரருக்கு வழங்கும் 'பண்டாரி' என்னும் பெயரோ பண்டாரம் என்னும் சொல்லிலிருந்து வந்தது. பண்டசாலையைக் காப்பவர் என்பதே அதன் முதற்பொருள். பிறர் உண்ணும் பொருளைப் பாதுகாக்கும் அமானிதம் அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

கடலில் பயணம் எக்காலத்தில் தோன்றியதோ, அக்காலத்திலேயே உணவையும் நீரையும் பற்றிய கவலையும் தோன்றியிருக்க வேண்டும். கடலில் செல்லும் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தாங்கள் சிறிதளவு நன்னீரே கொண்டு செல்வதாகவும், அதில் ஒளுச் செய்தால் தாகத்தால் வருந்த நேரிடும் என்றும் முறையிட்டு, கடல்நீரால் ஒளுச் செய்யலாமா என்று வினவினார். கடல்நீர் தூய்மையானது என்றும், அதில் செத்தது ஆகுமானது என்றும் அண்ணலார் விடையளித்தார்கள். கேட்டது நீரைப் பற்றி மட்டுமே. விடையோ கடலோடியின் உணவையும் சேர்த்து வந்தது. அவர்களின் நிலையை உணர்ந்து அருளப்பட்ட விடை அது.

14ஆம் நூற்றாண்டில் கோழிக்கோட்டுத் துறையில் சீனப் பெருங்கலங்களைக் கண்ட மொரோக்கோப் பயணி இப்னு பத்தூதா, ஒரு கலத்தில் ஆயிரம் பேர் வரை சென்றதாகவும், அதில் வாழ்ந்தோர் மரத் தொட்டிகளில் கீரையும் காய்கறியும் இஞ்சியும் பயிரிட்டதாகவும் எழுதியிருக்கிறார். அத்தொட்டிகளின் இடத்தில் இன்று குளிர்சேமிப்பு அறைகள் வந்துவிட்டன.

பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்களின் காலத்தில் இந்தியக் கடலோடிகளுக்கு 'லஸ்கர்' என்று பெயர். தளத்திலும் இயந்திர அறையிலும் உழைத்த முஸ்லிம் லஸ்கர்களுக்கு அவர்களுடைய பண்டாரி தனியே சமைத்தார். வெள்ளை அதிகாரிகளுக்கும் பயணிகளுக்கும் பரிமாறும் பணியிலோ கோவாக் கிறித்தவர்களே மிகுதியாக இருந்தனர். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, மது ஆகியவற்றைக் கையாள்வதில் அவர்களுக்குச் சமயத் தடை இல்லாதிருந்தது அதற்கு ஒரு காரணம். நம்மவர் தம் பானையைத் தனியே வைத்துக்கொள்ள அந்த அமைப்பில் இடமிருந்தது. இன்று அந்த இடம் சுருங்கிவிட்டது. ஒரே சமையற்கூடம், ஒரே அடுப்பு, பல நாட்டார் உண்ணும் ஒரே பந்தி. நம் பிள்ளைகளின் மஸ்அலாக்கள் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

சரக்குக் கப்பல் எவ்வளவு பெரிதாயினும் அதில் இருப்போர் இருபது, இருபத்தைந்து பேரே. அவர்களுக்குச் சமைக்க ஒரு தலைமைச் சமையற்காரரும், துணைக்கு ஒரு 'மெஸ்மேனும்' இருப்பர். பல கப்பல்களில் இவ்விருவர் மட்டுமே. விடியுமுன் எழுந்து ரொட்டிக்கு மாவு பிசைவதில் தொடங்கும் வேலை, இரவு உணவுக்குப் பின் தரையைக் கழுவி முடிக்கும்போதுதான் ஓயும். கப்பலுக்கு ஞாயிறும் இல்லை, பெருநாளும் இல்லை. இயந்திரம் பழுதானால் கரை சேரும்வரை பொறுக்கலாம். மூன்று வேளை உணவு பொறுக்காது.

கடல் கொந்தளிக்கும்போது சமைப்பது தனிக் கலை. கொதிக்கும் பாத்திரம் சரியாதபடி அடுப்பைச் சுற்றி இரும்புச் சட்டங்கள் பொருத்தப்பட்டிருக்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பமாட்டார்கள். எண்ணெய்ச் சட்டியை ஏற்றவே மாட்டார்கள். மேசை விரிப்பை நீரில் நனைத்துப் பரப்புவார்கள். தட்டு நழுவாமல் அது பிடித்துக்கொள்ளும். ஒரு கை வேலை செய்ய, மறு கை கம்பியைப் பற்றியிருக்க வேண்டும். "ஹஜ்ரத், அலை அடிக்கிற நாளில் கஞ்சியும் துவையலும் வைத்தாலே கேப்டன் வந்து நன்றி சொல்வார்" என்றார் நம் மாணாக்கர் ஒருவர். அத்தகைய நாளில் சூடான உணவு கிடைப்பதே பெரும் பேறு என்பதைக் கடலோடிகள் அறிவார்கள்.

இனி எண்ணெய் மேடைகளைப் பார்ப்போம். பாரசீக வளைகுடாவில் 1951இல் கண்டறியப்பட்ட சஃபானியா எண்ணெய் வயல், கடலடி வயல்களுள் உலகிலேயே மிகப் பெரியது. மும்பைக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் 'சாகர் சாம்ராட்' என்னும் துளையிடு மேடை 1974இல் எண்ணெய் கண்டது. 1976 மே மாதம் அங்கு உற்பத்தி தொடங்கியது. இத்தகைய மேடையொன்றில் நூறு, நூற்றைம்பது பேர் தங்கியிருப்பர். நிலத்திலிருந்து ஹெலிகாப்டரில் வருவார்கள். உணவுப் பொருள் படகில் வந்து, பளுதூக்கியால் மேலேற்றப்படும். குடிநீரைக் கடல்நீரிலிருந்தே உண்டாக்கிக்கொள்வார்கள்.

துளையிடும் வேலை இரவு பகலாக நடைபெறுவது. பன்னிரண்டு மணி நேரம் ஒரு சாரார், பன்னிரண்டு மணி நேரம் மறு சாரார். ஆதலின் அங்கு மூன்று வேளை உணவு போதாது. நள்ளிரவிலும் ஒரு பந்தி உண்டு. அதற்கென இரவுச் சமையற்காரர் ஒருவர் இருப்பார். ரொட்டி சுடுவதற்கு ஒருவர், பரிமாறவும் அறைகளைத் தூய்மை செய்யவும் துணி வெளுக்கவும் 'ஸ்டூவர்டுகள்', இவர்கள் அனைவருக்கும் மேலாகக் 'கேம்ப் பாஸ்' என்று ஒரு மேலாளர். இவர்கள் பெரும்பாலும் எண்ணெய் நிறுவனத்தின் ஊழியர் அல்லர்; உணவு ஒப்பந்தக்காரரின் ஆட்கள். எண்ணெய்ப் பொறியாளர் பதினான்கு நாளோ இருபத்தெட்டு நாளோ உழைத்து, அதே அளவு நாள் வீட்டில் ஓய்வு கொள்வார். அவருக்குச் சோறு வடித்தவர் பல மாதம் அங்கேயே இருப்பதும் உண்டு.

இவர்கள் அடுப்பு நிற்கும் இடத்தின் இயல்பையும் நம் குடும்பத்தினர் அறிந்திருத்தல் நலம். 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை வடக்கு மேடை எரிந்ததை நாளேடுகளில் படித்திருப்போம். அதன் தொடக்கம் சமையற்கூடத்தில் நேர்ந்த ஒரு காயம் என்பதைப் பலர் அறியார். அருகில் பணியிலிருந்த 'சமுத்ரா சுரக்ஷா' என்னும் கப்பலின் சமையற்காரர் ஒருவருக்கு விரல்கள் வெட்டுப்பட்டன. பருவமழைக் காலமாதலின் ஹெலிகாப்டர் வர இயலவில்லை. மருத்துவம் செய்விக்க அவரை மேடைக்குக் கொண்டு சேர்க்கவே அக்கப்பல் அருகணைந்தது. அலையின் வேகத்தில் அது எரிவாயுக் குழாயில் மோத, தீப் பற்றியது. இருபத்திரண்டு உயிர்கள் பிரிந்தன. கரையில் வெட்டுப்பட்ட விரலுக்கு நாம் மஞ்சள் வைத்துக் கட்டுகிறோம். அங்கு ஒரு விரற்காயத்துக்கு மருந்திடுவதும் எவ்வளவு பெரிய பாடு என்பதற்கு இது சான்று.

வட கடலில் 1988 ஜூலை 6 அன்று எரிந்த 'பைப்பர் ஆல்ஃபா' மேடையில் 167 பேர் மாண்டனர். தங்குமிடப் பகுதியில், உணவுக்கூடத்தில் திரண்டு, மீட்புக்கு ஆள் வரும் என்று காத்திருந்தவர்கள் அவர்களுள் பலர். மக்கள் ஆபத்தில் கூடும் இடமும் உணவுக்கூடமே என்பது நம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தது.

இனி மஸ்அலாக்கள். பிள்ளைகள் முதலில் கேட்பது பன்றியிறைச்சியைப் பற்றி. கப்பலின் உணவுப் பட்டியலில் அது இருக்கும். "சமைக்கச் சொன்னால் என்ன செய்வது, ஹஜ்ரத்?" என்பார்கள். அதனை உண்பது ஹராம் என்பதில் ஐயமில்லை. ஹராமான செயலுக்குக் கூலி பெறுவதும் ஆகாது என்பதே ஃபிக்ஹின் பொது விதி. எனவே ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன்னரே கேட்டுத் தெளிய வேண்டும் என்று சொல்லி அனுப்புகின்றோம். ஒருவர் கேட்டார். நிறுவனத்தார் அவரை மறுக்கவில்லை. முஸ்லிம் கடலோடிகள் மிகுதியாக உள்ள கப்பலுக்கு அவரை மாற்றினர். இன்னொருவர் கேட்டார்; அவருக்கு வேலை கிடைக்கவில்லை. ஏழு மாதம் ஊரில் வெறுங்கையோடு இருந்து, பின்னர் வளைகுடா மேடையொன்றில் குறைந்த ஊதியத்துக்குச் சேர்ந்தார். அந்த ஏழு மாதத்தில் அவர் வீட்டில் அடுப்பெரிந்த வகையை நாம் அறிவோம். ஹலாலான சம்பாத்தியம் எளிதில் வருவது என்று மேடையில் பேசுவோர், அத்தகைய வீட்டுக்கு ஒருமுறை சென்று வரலாம்.

அடுத்தது பாத்திரம். ஷாஃபிஈ மத்ஹபில் பன்றி கடும் நஜீஸ். அது பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால். நாள்தோறும் இப்படிக் கழுவ எந்தச் சமையற்கூடத்தில் முடியும்? இக்காலச் சுகாதார முறையே ஓரளவு இதற்குத் துணைசெய்கிறது. பச்சை இறைச்சிக்குச் சிவப்புப் பலகை, மீனுக்கு நீலப் பலகை, கீரைக்கும் கனிக்கும் பச்சைப் பலகை என்று வெட்டும் பலகைகளையும் கத்திகளையும் நிறத்தால் பிரித்து வைப்பது இன்று பரவிய வழக்கம். நோய்க்கிருமி பரவாதிருக்கும் பொருட்டு வந்த ஏற்பாடு அது. நம் மாணாக்கர் ஒருவர் கேம்ப் பாஸிடம் பேசி, அந்த வரிசையில் தமக்கென ஒரு தனிப் பலகையும் இரண்டு சட்டிகளும் சேர்த்துக்கொண்டார். கேட்ட முறை இனிமையாக இருந்ததால் யாரும் முகம் சுளிக்கவில்லை என்றார்.

மதுவைப் பொறுத்தவரை, நாம் எதிர்பாராத ஒரு செய்தி உண்டு. எண்ணெய் மேடைகளில் மது பொதுவாக முற்றிலும் தடை. தீப்பொறி ஒன்று போதும் என்னும் இடத்தில் மயக்கம் தருவதற்கு இடமில்லை என்பது அவர்கள் கணக்கு. 1989இல் 'எக்ஸான் வால்டெஸ்' எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவில் பாறையில் மோதிய பின்னர், எண்ணெய்க் கப்பல் நிறுவனங்கள் பலவும் மதுவின்மீது கடுமை காட்டின. இன்பப் பயணக் கப்பல்களின் நிலை வேறு. அங்கு பரிமாறும் வேலை என்றாலே மதுக்கிண்ணம் ஏந்த நேரும். மதுவைப் பரிமாறுபவரும் சபிக்கப்பட்டோர் வரிசையில் எண்ணப்பட்டிருப்பதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டி, ஊதியம் மிகுதி என்றாலும் அவ்வேலையை நாடவேண்டாம் என்று கூறுகின்றோம்.

தொழுகையின் கேள்விகள் சுவையானவை. கப்பல் திசை மாறுந்தோறும் கிப்லா மாறும். காலூன்றி நிற்கும் மேடையிலோ ஒருமுறை குறித்து வைத்தால் போதும். பயணி என்ற முறையில் கஸ்ர் செய்யலாமா என்று கேட்பார்கள். சென்றடைந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் ஓரிடத்தில் தங்க நிய்யத் வைத்தவர் முழுமையாகத் தொழ வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. ஹனஃபி மத்ஹபில் அது பதினைந்து நாள், தங்கும் இடத்தைப் பற்றிய நிபந்தனைகளும் அதில் உண்டு. ஆதலால் அவரவர் தம் மத்ஹபின் ஆலிமை அணுகிக் கேட்கச் சொல்கின்றோம்.

ரமலானில் சமையற்காரரின் நோன்பு மற்றவர் நோன்பைப் போன்றதன்று. பகல் முழுதும் அவர் முகத்துக்கெதிரே உணவு வெந்துகொண்டிருக்கிறது. உப்பு, காரம் பார்க்க வேண்டும். தேவை கருதி நாவால் சுவை பார்த்து, விழுங்காமல் உமிழ்ந்துவிட்டால் நோன்பு முறியாது என்று நாம் விளக்கினோம். கேட்ட மாணாக்கர் புன்னகைத்தார். "சட்டம் தெரியும் ஹஜ்ரத், ஆனாலும் மனம் ஒப்பவில்லை. கூட வேலை பார்க்கிற கேரளத்துக் கிறித்தவ நண்பர் முப்பது நாளும் எனக்காக உப்புப் பார்த்துவிடுவார்" என்றார். ஸஹருக்கு எழுந்தால், அந்த நண்பர் ரொட்டியை முன்கூட்டியே சுட்டு மூடிவைத்திருப்பாராம். அவருக்காகவும் நாம் துஆச் செய்தோம்.

சட்டத்தின் பாதுகாப்பும் இத்தொழிலுக்கு ஓரளவு உண்டு. 1946இலேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கப்பல் உணவைப் பற்றியும், கப்பல் சமையற்காரர் தகுதிச் சான்று பெறுவது பற்றியும் உடன்படிக்கைகள் செய்தது. 2006இல் உருவாகி 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. கடலோடிக்கு உணவும் குடிநீரும் இலவசமாக அளிக்கப்பட வேண்டும். அவர்களின் சமய நெறிகளைக் கருத்திற் கொள்ள வேண்டும். வேலையில் அமர்த்தும் முகவர் அதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பன அதில் உள்ளவை. தனக்கு ஹலால் உணவு வேண்டும் என்று கேட்கும் பிள்ளை பிச்சை கேட்பவன் அல்லன். வேலைக்கென்று இலட்சக்கணக்கில் பணம் கேட்கும் தரகர்களிடம் நகையை அடகுவைத்துக் கொடுக்குமுன், அரசின் உரிமம் பெற்ற நிறுவனமா என்று பெற்றோர் விசாரிப்பது கடமை.

இவையெல்லாம் கடலின் துன்பங்கள். கரையின் துன்பம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணப் பேச்சில் நம்மையும் அழைத்திருந்தனர். மாப்பிள்ளையின் உம்மா, மகன் எண்ணெய்க் கம்பெனியில் அதிகாரி என்று சொல்லி வைத்திருந்தார். மாப்பிள்ளை நம் மாணாக்கர். முதல் நாள் இரவு வீடு தேடி வந்து, "ஹஜ்ரத், நான் மேடையில் இரவுச் சமையற்காரன். பொய் சொல்லி நிகாஹ் வேண்டாம், நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றார். மறுநாள் இரு வீட்டார் முன்னிலையில், அவர் அனுமதியோடு உள்ளதைச் சொன்னோம். பெண்ணின் வாப்பா மரியாதையாகத் தேநீர் அருந்தினார்; மரியாதையாக எழுந்தார். வாசலில் நம்மிடம் மட்டும், "சமையற்காரனுக்கா என் பிள்ளையைக் கொடுப்பேன்?" என்றார். அந்தச் சம்பந்தம் கைகூடவில்லை.

அப்பெரியவரின் பாட்டனார் பினாங்கில் தோளில் காவடித் தண்டு சுமந்து, ஒருபுறம் சோறும் மறுபுறம் கறியும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றவர். அந்தக் 'கண்டார்' தண்டின் பெயராலேயே 'நாசி கண்டார்' இன்றும் அங்கு வழங்குகிறது. அவ்வீட்டின் மாடமும் தோட்டமும் அச்சோற்றில் விளைந்தவை. இதை அவரிடம் நாம் கூறவில்லை. வாசலில் நின்று கூறத்தக்க சொல்லாக அது படவில்லை. ஓராண்டுக்குப் பின் அந்த இளைஞருக்கு வேறோர் ஊரில் மணமாயிற்று. பெண் வீட்டார் கேட்ட கேள்வி, விடுமுறை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பது மட்டுமே. அது நியாயமான கேள்வி.

பணியாளர் உணவைச் சமைத்துக் கொண்டுவந்தால் அவரையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். இயலாவிடில் ஓரிரு கவளமேனும் அவருக்கு அளியுங்கள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அடுப்பின் வெப்பத்தையும் அதன் பாட்டையும் தாங்கியவர் அவரே என்பதையே அதற்குக் காரணமாகக் கூறினார்கள். அவர் குலமும் ஊதியமும் அங்கு பேசப்படவில்லை. அவர் தாங்கிய சூடு ஒன்றே பந்தியில் அவருக்கு இடம் பெற்றுத் தருகிறது.

நம் ஊர்களில் கடலிலிருந்து வரும் பணத்தை எண்ணாத வீடுகள் குறைவு. பணம் வந்ததா என்று அலைபேசியில் கேட்கும் நாம், இன்று அலை எப்படி இருந்தது, கையில் எண்ணெய் தெறித்த புண் ஆறிற்றா, சுபுஹு தொழ நேரம் கிடைத்ததா என்றும் கேட்போமாக. 2020இல் பெருந்தொற்றால் துறைமுகங்கள் மூடப்பட்டபோது, ஒப்பந்தக் காலம் முடிந்தும் கரையிறங்க முடியாமல் உலகெங்கும் இலட்சக்கணக்கான கடலோடிகள் கப்பல்களில் தவித்தனர். அந்நாள்களிலும் அவர்களுக்கு மூன்று வேளையும் சோறு கிடைத்தது. சமைத்தவரும் அவர்களைப் போலவே தவித்தவர்தாம்.

ஆகவே சமையற்காரர் என்று சொல்ல நம் பிள்ளைகள் நாணாதிருக்கட்டும். நாமும் அவர்களை நாணச் செய்யாதிருப்போம். திருமண மடலில் தொழிலின் பெயரை உள்ளபடியே எழுதுவோம். விடுமுறையில் வந்த பிள்ளையை வந்த மறுநாளே வலீமாச் சட்டியின் முன் நிறுத்தாமல், ஒரு வேளையேனும் உட்காரவைத்து நாம் பரிமாறுவோம்.

கடலில் உழைக்கும் எளியோரின் கலத்தைக் கொடுங்கோலரசனின் கையில் சிக்காமல் காத்த வல்ல நாயன், நம் பிள்ளைகளின் உயிரையும் ஈமானையும் உழைப்பையும் காத்தருள்வானாக! அவர்கள் கை சமைத்ததை ஹலாலாகவும், அவர்கள் ஈட்டியதை பரக்கத்தாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.